லேசான பகுதியை அவருக்குக் கொடுத்தோம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று வருடமாகத் தடுமாறினேன். சஷ்டி விரதம் முடிந்த மறுநாள் எழுதலாம் என்பேன். நோட்டை எடுத்துப் பிள்ளையார் சுழி போடுவேன். அதற்குமேல் கை ஓடாது, மூடி வைத்துவிடுவேன். அந்த நோட்டில் பல பக்கங்களில் சுழி மட்டும்தான் இருக்கிறது. முருகன் எழுது என்கிறானா, வாயை மூடிக்கொண்டிரு என்கிறானா, எனக்கு இன்னமும் புரியவில்லை.

நான் பெரிய படிப்புப் படித்தவள் இல்லை. பத்தாவது பாஸ், அதோடு கல்யாணம். வீட்டுக்காரருக்குப் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. வேலம்பாளையத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துக் கோவிலில் அன்னதான மண்டபம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இலை எடுத்துக் கழுவிவிட்ட பிறகு அது சும்மா கிடக்கும். அங்கேதான் மூன்று பெண்களுக்குப் பத்தாம் வகுப்புத் தமிழும் சமூக அறிவியலும் சொல்லிக்கொடுத்தேன். தனித்தேர்வராகப் பரீட்சை எழுதப் பணம் கட்டியிருந்தார்கள். மற்றப் பாடங்களுக்கு வேறிடத்தில் டியூஷன் போனார்கள். என்னை டீச்சரக்கா என்றார்கள். அந்தப் பெயர் எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மூவரும் ஒரே கம்பெனி, ஒரே லைன். ஒருத்தி ஓவர்லாக் தையல் மிஷின், சாமளாபுரத்துத் தறிக்காரக் குடும்பம், வாய் ஓயாது. இன்னொருத்தி பிளாட்லாக் மிஷின், அதிகம் பேசமாட்டாள். மூன்றாமவர் செக்கிங், தைத்து வந்த பீஸில் டேமேஜ் பார்ப்பவர். தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர், நாற்பதைத் தாண்டியவர், மூவரில் மூத்தவர். அவரை நாங்கள் எல்லோருமே செக்கிங் அக்கா என்போம், மற்ற இருவருக்கும் மிஷின் பெயரே பெயர்.

மற்ற இருவருக்கும் பாஸானால் நல்லது, அவ்வளவுதான். செக்கிங் அக்காவுக்கு அப்படியில்லை. பதினாறு வருடம் நின்றுகொண்டே பீஸ் பார்த்ததில் காலில் நரம்பு சுருண்டு புடைத்துவிட்டது. இனிமேல் நிற்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனி ஸ்டோர் ரூமில் லேபிள், பட்டன், நூல் எடுத்துக் கொடுக்கும் வேலை காலியாகப் போகிறது. உட்கார்ந்து செய்கிற வேலை. ஆனால் பத்தாவது சர்டிபிகேட் வேண்டும். ரிசல்ட் வரும்வரை அந்த நாற்காலியை வைத்திருப்பதாக மேனேஜர் சொல்லியிருந்தார்.

தமிழில் உரைப்பத்தி படித்துப் பதில் எழுதுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. முதல் தடவை வாசிக்கும்போது பதில் எழுத மாட்டார். பனியனைக் கழுத்திலிருந்து அடிமடிப்பு வரைக்கும் திருப்பிப் பார்ப்பதுபோல மேலிருந்து கீழே ஒருமுறை நிதானமாகப் போவார். பிறகு டேமேஜ் இருக்கும் இடத்தில் ஒட்டுகிற சின்ன அம்புக்குறி ஸ்டிக்கரை, கேள்விக்குப் பதில் இருக்கிற வரியின் ஓரத்தில் ஒட்டுவார். ஒன்றுகூடத் தப்பாது.

"டேமேஜ் பாக்கச் சொன்னா பதில் பாக்கீக" என்று ஓவர்லாக் அவரைப் போலவே பேசிக் கிண்டல் செய்வாள்.

"ஒனக்கு ரெண்டும் கண்ணுல படாதுலா. அதான் ஒன் பீஸு முக்காவாசி எங்கிட்டருந்து ஒனக்கே திரும்பி வருது" என்பார் அவர்.

சமூக அறிவியல் புத்தகத்தைக் கையில் எடுத்த அன்றுதான் அது நடந்தது. ஓவர்லாக் புத்தகத்தைத் தூக்கி எடை பார்த்தாள். "ஏனுங்க டீச்சரக்கா, இத்தனை மொத்தத்தை ஒருத்தியே படிச்சா எந்தக் காலத்துல முடியறது? ஒரு பனியனை ஒருத்தியா தெக்கறோம்? நான் தோள் ஓட்டறேன், இவ கை மடக்கறா, அக்கா செக்கிங் பாக்கறாங்க. அதே மாதிரி பிரிச்சுக்கலாமுங்க."

"பரீச்சையிலயும் லைன் போட்டு உக்கார வெப்பாங்களா?" என்றாள் பிளாட்லாக்.

"ஆளுக்கொண்ணு படிச்சு மத்தவங்களுக்குச் சொல்லித் தரோணும். அதுக்குத்தான் வாய் இருக்குது. உனக்குத்தான் இல்ல."

எல்லோரும் சிரித்தோம். எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது. வரலாறு ஓவர்லாக்குக்கு. புவியியல் பிளாட்லாக்குக்கு. பொருளியலைக் கடைசியில் சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றோம். பிரித்துக்கொண்ட மூன்றில் குடிமையியல்தான் சின்னது. அதை செக்கிங் அக்காவுக்குக் கொடுத்தோம். அவர்கள் லைனில் அது ஒரு வழக்கம். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் லேசான வேலையைக் கொடுத்து, கனமானதை மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள். யாரும் சொல்லிக் காட்ட மாட்டார்கள். "அக்காவுக்குக் காலு முடியல, சின்னதை அவங்க வெச்சுக்கட்டும்" என்று ஓவர்லாக் சொன்னபோது எனக்குக் கண் கலங்கியது. இவர்கள் மனசு யாருக்கு வரும் என்று நினைத்தேன்.

முதல் சில வாரம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்தார்கள். பிறகு கம்பெனியில் ஷிப்மென்ட் அவசரம். ஞாயிற்றுக்கிழமையும் அரை நாள் வேலை. மூவரும் அசந்து வருவார்கள். சொல்லிக்கொடுப்பது நின்றுபோனது, பொருளியலையும் மேலோட்டமாகத்தான் பார்த்தோம். ஆனால் நான் கேள்வி கேட்டால் பதில் மட்டும் வந்துகொண்டே இருந்தது. வரலாற்றுக் கேள்வியா, ஓவர்லாக். மலையா ஆறா, பிளாட்லாக். சட்டமன்றமா, செக்கிங் அக்கா. பண்டல் கை மாறுவதுபோலக் கேள்வி தானாக உரியவரிடம் போய்ச் சேர்ந்தது. பதில் வந்துவிட்டது, அடுத்தது என்று நான் போய்விட்டேன். யார் சொன்னது என்று ஒருநாள்கூடப் பார்க்கவில்லை. எந்தப் பகுதிக்கு எத்தனை மார்க் என்று மாதிரி வினாத்தாளை எண்ணிப் பார்க்கவும் எனக்குத் தோன்றவில்லை. சாமிக்கு வேண்டும்போதும் "முருகா, மூணு பேரையும் கரை சேர்த்துடு" என்றே வேண்டினேன். ஒருத்தர் பெயரைத் தனியாகச் சொல்லி வேண்டியதில்லை. அதுவும் தப்போ என்று இப்போது குழப்பமாக இருக்கிறது.

பரீட்சை முடிந்து வெளியே வந்த செக்கிங் அக்காவின் முகம் வெளுத்திருந்தது. "குடிமையியல்ல ஒண்ணு விடலக்கா, எல்லாம் எழுதிட்டேன். ஆனா அது எம்புட்டுக் கொஞ்சமா வந்திருக்கு தெரியுமா? மத்த பக்கத்துல எனக்கு என்னத்த எழுதன்னே தெரியல."

ரிசல்ட் போனில் வந்தது. சமூக அறிவியலில் ஓவர்லாக் முப்பத்தெட்டு. பிளாட்லாக் முப்பத்தாறு. கனமானதைச் சுமந்தவர்கள் கரையேறிவிட்டார்கள். செக்கிங் அக்கா இருபத்தொன்பது. தமிழில் மூவரிலும் அவர்தான் அதிகம், மற்றதெல்லாம் பாஸ். இந்த ஒன்றில் பாஸ் மார்க் முப்பத்தைந்துக்கு ஆறு குறைந்துவிட்டது.

"வயசாயிட்டுல்லா, மண்டையில ஏறல" என்று அவர் எல்லோரிடமும் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை, தப்பு என்னுடையது என்று வாய்வரை வந்தது. வெளியே வரவில்லை.

துணைத்தேர்வுக்கு அவர் என்னிடம் வரவில்லை. நானும் போய்க் கூப்பிடவில்லை. முழுப் புத்தகத்தையும் தனியாகவே படித்து எழுதிப் பாஸானார். அதற்குள் ஸ்டோர் நாற்காலி இன்னொரு பெண்ணுக்குப் போய்விட்டது. ரிசல்ட்டுக்குப் பிறகும் காத்திருப்பதாக மேனேஜர் சொல்லவில்லையே. செக்கிங் அக்கா காலில் பட்டை சுற்றிக்கொண்டு நிற்கிறார். இன்றைக்கும் நிற்கிறார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு வினை வந்தது. கோவிலில் பிரசாதம் வாங்க நிற்கும்போது ஒரு அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "மக்கா இருந்த பொம்பளையக்கூட ரெண்டாந்தடவ பாஸ் பண்ண வெச்சுட்டீங்களாமே கண்ணு!" ஊருக்குள் அப்படித்தான் பேச்சு. மறுப்பதற்கு வாயெடுப்பதற்குள் அவர் நகர்ந்துவிட்டார். வாங்கிய பொங்கலை அப்படியே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

போன மாதம் ஒரு சாயங்காலம் அவர் குடியிருக்கும் லைன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். மார்க்கை எண்ணாதது, யார் பதில் சொன்னார்கள் என்று பார்க்காதது, பக்கத்தில் நின்றும் பேசாதது. சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் காலை ஸ்டூலில் தூக்கி வைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "சின்னதா ஒண்ணு தாங்கன்னு நாந்தானக்கா கேட்டேன்" என்றார்.

அவர் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஓவர்லாக் சொன்னதுதான் காதில் இருக்கிறது. எனக்காகச் சொல்கிறாரா, நிஜமாகவே கேட்டாரா?

"இல்லீங்கக்கா, நீங்க கேக்கல" என்றேன்.

"சரி, கேக்கல. நீங்க எதுக்கு அழுதீக? நிக்கது நான்லா" என்று சொல்லிச் சிரித்தார். அது மன்னிப்பா, குத்தலா என்று எனக்குத் தெரியவில்லை. காப்பி போட எழுந்தார். வேண்டாம் என்று உட்கார வைத்துவிட்டு வந்தேன்.

அவரிடம் சொல்லியாகிவிட்டது. ஊரிடம் சொல்ல இதை எழுதினேன். படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொல்லுங்கள், உங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனால் சொல்லும்போது மாற்றாதீர்கள். இருபத்தொன்பதை இருபத்தொன்பது என்றே சொல்லுங்கள். அவரை மக்கு ஆக்காதீர்கள், என்னை நல்ல டீச்சர் ஆக்காதீர்கள். கேட்பவர்கள் சந்தோஷப்படட்டும் என்று கடைசியில் அவருக்கு அந்த நாற்காலியைக் கொடுத்துவிடாதீர்கள். அது அவருக்குக் கிடைக்கவில்லை.