ஏழு கையெழுத்து

பெங்களூர் ஏர்போர்ட் கஸ்டம்ஸில், ஜீவனஹள்ளி நோயல் கம்பெனிகளின் ஏஜென்டாகப் பதினெட்டு வருஷம் ஏற்றுமதிக் காகிதங்களோடு மேசை மேசையாக அலைந்தவர். ஒரு பெட்டி விமானம் ஏற ஏழு அதிகாரிகள் கையெழுத்துப் போட வேண்டும். இரண்டு நாள் பிடிக்கும். தொண்ணூற்றேழில் கம்ப்யூட்டர் வந்தது. முதல் நாள், பட்டுச் சட்டைப் பெட்டிகளின் விவரத்தை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினார். பத்தே நிமிஷத்தில் அனுமதி வந்துவிட்டது. அச்செடுத்த தாளோடு பழைய முதல் மேசை அதிகாரியிடமே ஓடினார்.

"ஒரு கையெழுத்து போட்டுடுங்க சார்."

"எதுக்கு நோயல்? பெட்டி உள்ள போயாச்சு. நீங்க வீட்டுக்குப் போங்க."

வீட்டில் மனைவி பிரிஜெட் கொடுத்த காபி ஆறிக்கொண்டிருந்தது. "சீக்கிரம் வந்ததுக்கா இப்படி இடிஞ்சுபோய் உக்காந்திருக்கீங்க?"

அவர் தாளை விரித்துக் காட்டினார். "இத்தனை நாள் தப்பு நடந்தா மாட்டறதுக்கு ஏழு பேர் இருந்தாங்க. இப்போ பாரு, இதுல என் பேரு மட்டும்தான் இருக்கு."