நாற்பத்தொன்றாம் வினாடி

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டிப் பாட்டுச் சேர்த்துக் கொடுப்பது என் தொழில். எங்கள் பக்கம் அதற்கு மிக்ஸிங் என்று பெயர். என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கிக்கொண்டு மண்டபம் மண்டபமாக அலைவார். அவர் கொண்டுவந்து கொட்டுவதை நான் பிள்ளையார்பாளையத்து வீட்டின் முன்னறையில் உட்கார்ந்து சீராக்குவேன். சுவருக்கு அந்தப் பக்கம் தறி ஓடிக்கொண்டே இருக்கும். நான் கொஞ்சம் கோபக்காரி. மனிதர்களிடம் காட்ட முடியாததையெல்லாம் கம்ப்யூட்டரிடம் காட்டிவிடுவேன். அது திருப்பிப் பேசாது என்ற தைரியம்தான்.

அந்தத் தைரியத்தைக் கெடுத்தது எதிர்வீட்டு அக்கா கொண்டுவந்த ஒரு சிடி.

அக்காவுக்கு அறுபது வயது இருக்கும். தறிக்காரர்களுக்குத் தார் சுற்றிக் கொடுப்பவர். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் பட்டு நூலைச் சுற்றுகிற வேலை அது. பிள்ளைகள் இல்லை. புருஷன் மாரடைப்பில் போய் ஏழு வருஷம் ஆகிறது. ஒரு மத்தியான வேளையில் முந்தானைக்குள் சிடியை மறைத்து எடுத்துக்கொண்டு வந்தார்.

"இதுல அவரு பேசறாருமா. தென்னேரி ஏரில நான்தான் புடிச்சேன். மொகம் போட்டோல இருக்குது. கொரல்தான் மறந்துபூட்டேன். ஒரே ஒரு தபா கேக்கணும்."

குரலை மறந்துவிட்டேன் என்பதை ஏதோ திருட்டை ஒப்புக்கொள்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். எனக்குப் பாவமாக இருந்தது. இதென்ன பெரிய வேலை, இரண்டு நிமிஷம் என்று சொல்லி சிடியை உள்ளே தள்ளினேன்.

அந்தக் காலத்துச் சின்ன டிஜிட்டல் கேமராவில் எடுத்தது. நிரம்பிக் கிடக்கும் ஏரி, கரைமேல் பனைமரங்கள், யாருடையதோ இரண்டு ஆடுகள். காற்றுச் சத்தம் மட்டும் கேட்டது. நாற்பது வினாடி இப்படியே போனது. பிறகு கேமராவை நிறுத்தி மறுபடி ஓடவிட்டிருக்கிறார் அக்கா. இப்போது ஒரு மனிதர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் அளவு தண்ணீரில் நமக்கு முதுகைக் காட்டி நின்றார். திரும்பினார். நேராக எங்களைப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"வா" என்றார்.

அவ்வளவுதான், படம் உறைந்தது. ஆனால் சத்தம் நிற்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து வா, வா, வா, வா என்று ஒரே சீராக வந்துகொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுத் தறியின் அடியும் அதுவும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன. நான் பதறி மவுஸைத் தட்டினேன், சாஃப்ட்வேரை மூடினேன். சாஃப்ட்வேர் போய்விட்டது, சத்தமும் போய்விட்டது. அந்த முகம் மட்டும் திறந்த வாயோடு கறுப்புத் திரையில் தங்கியது. கம்ப்யூட்டரை அணைத்த பிறகுதான் அதுவும் போயிற்று.

நான் வியர்த்துப்போய் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் பயப்படவே இல்லை. சிரித்த முகமாக இருந்தார்.

"கூப்புட்றாருமா" என்றார்.

"இல்லக்கா, சாஃப்ட்வேர் கிராஷ் ஆயிடுச்சு. சத்தம் ஒரே எடத்துல மாட்டிக்கினு சுத்துது. நான் சரி பண்ணித் தரேன்."

அக்கா தலையாட்டிவிட்டு எழுந்தார். வாசற்படியில் நின்று, "போறேன்மா" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. எங்கள் தெருவில் வாசலைத் தாண்டுகிற யாரும் 'போறேன்' என்று சொல்வதில்லை. கடைக்கு உப்பு வாங்கப் போனாலும் 'போய்ட்டு வரேன்'தான். மறந்து வாய் தவறினால்கூடப் பெரியவர்கள் திரும்பக் கூப்பிட்டு, வரேன்னு சொல்லிட்டுப் போ என்பார்கள். அக்காவே என்னை இருமுறை அப்படித் திட்டியிருக்கிறார்.

அன்று சாயங்காலத்துக்குள் அந்த வீடியோவை ஒன்பது முறை ஓட்டினேன். ஒன்பது முறையும் நாற்பத்தொன்றாம் வினாடியில் விழுந்தது. மிக்ஸிங் சாஃப்ட்வேரை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்டேன். டிஸ்ப்ளே டிரைவரை மாற்றினேன். எதையும் ஓடவைக்கும் என்று பெயரெடுத்த பிளேயர் ஒன்றிலும் போட்டேன், அங்கேயும் அதே கதை. மறுநாள் என் வீட்டுக்காரரின் லேப்டாப்பிலும் போட்டுப் பார்த்தேன். அதில் கிராஷ் ஆகவில்லை. ஆனால் குரலுக்குப் பதில் தகரக் கூரையில் மழை கொட்டுகிற இரைச்சல். தண்ணீரில் நின்று அவர் வாயை அசைக்கிறார், இரைச்சல்தான் வருகிறது. அந்த மனிதர் எவனுக்கும் பிடிகொடுக்காமல் நிற்பதுபோல இருந்தது. பாழாய்ப்போனவனே, உன் பெண்டாட்டிக்கு ஒரு வார்த்தை சொல்லித் தொலையேன் என்று திட்டிவிட்டு, செத்தவரைத் திட்டிவிட்டோமே என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

அதற்கும் மறுநாள் வேறொரு வீட்டு வரவேற்பு வீடியோவைத் திறந்தேன். மணப்பெண் மேடை ஏறுகிறாள். கண் சிமிட்டுகிற நேரம் திரை முழுக்க ஏரித் தண்ணீர். நடுவில் மடித்துக் கட்டிய வேட்டி. உடனே மறுபடி மணப்பெண். பின்னால் ஓட்டிப் பார்த்தால் எதுவும் இல்லை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் வெளியே பன்னிரண்டு மணி வெயில். இருட்டே இல்லாத இடத்தில் அந்தப் பழமொழி எனக்கு உதவவில்லை.

அக்கா அதற்குள் தன் வேலையை ஆரம்பித்துவிட்டிருந்தார். என்னிடம் எப்போதோ வாங்கிய சல்லடை, இரண்டு டம்ளர், பருப்புக் கிண்ணம் எல்லாவற்றையும் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்து வைத்தார். சுற்ற வேண்டிய தாரை எல்லாம் சுற்றிக் கொடுத்து முடித்துவிட்டாராம். புதிதாக வாங்கவில்லையாம்.

"அமாவாசை அன்னிக்குத் தென்னேரி போறேன்மா. ஐயம்பேட்டை பஸ்ஸுல ஏறினா வாலாஜாபாத்ல எறக்கி உட்ருவான். அங்கேந்து ஷேர் ஆட்டோ."

"தனியாவா? ஏரிக்கு இன்னாத்துக்கு?"

"தனியா இன்னா? அவருதான் அங்க இருக்காரே. தண்ணில நின்னுக்கினு எத்தினி தபா கூப்புடுவாரு, பாவம்."

நான் அவர் கையைப் பிடித்து, அக்கா அது வெறும் கோளாறு, மெஷின் கோளாறு என்றேன். அவர் என் கன்னத்தைத் தட்டிக்கொடுத்தார். சின்னப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்கிற தட்டு அது. எனக்கு நாற்பத்தாறு வயது.

அமாவாசைக்கு மூன்று நாள் இருந்தது. வீட்டுக்காரர் வெளியூர்க் கல்யாணத்தில் இருந்தார். போனில் அழாத குறையாகச் சொன்னேன்.

"மொத்தமா ஃபார்மட் பண்ணிடு. எத்தினி வருஷமா சொல்றேன். நீ கேட்டாதானே" என்றார்.

அவர் அதைச் சொல்லிக்கொண்டிருந்தது உண்மை. நான் கேட்காததற்குக் காரணம் என் பிறந்த வீடு. நான் தறிக்காரர் வீட்டுப் பெண். ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல், நெய்து முடிந்தால் அதன் கடைசி முனையை நாங்கள் தறியிலிருந்து உருவி எறிய மாட்டோம். சீப்பு மாதிரி இருக்கும் அச்சில் கோர்த்து நிற்கும் அந்தப் பழைய இழைகளோடு புதுப் பாவின் இழைகளை ஒவ்வொன்றாகத் திரித்துப் பிணைப்போம். முனையை அறுத்துவிட்டால் ஆயிரக்கணக்கான இழைகளை முதலிலிருந்து கோர்க்க வேண்டும். பழசை அறுக்காதே, அதிலேயே பிணை என்பது எனக்குத் தாய்ப்பாலோடு வந்தது. கம்ப்யூட்டரையும் அப்படித்தான் ஆண்டேன். மூன்று மெஷின் மாற்றியும் ஒருமுறைகூடத் துடைத்ததில்லை. பழைய டிஸ்க்கை அப்படியே புதிதில் நகல் எடுத்து, அதன்மேல் புதியதைப் போடுவேன். பெருமையாகக்கூட இருக்கும்.

அதில்தான் வினை இருந்தது. வீடியோவைக் கேமரா அப்படியே வைப்பதில்லை, ஏதாவது ஒரு முறையில் சுருக்கி மடித்து வைக்கும். அதே முறை தெரிந்த ஒன்றுதான் அதைப் பிரித்துக் காட்ட முடியும். அதைக் கோடெக் என்கிறோம். ஏதாவது ஒரு வீடியோ திறக்கவில்லை என்றால் இன்டர்நெட்டில் ஒரு கோடெக் மூட்டையை இறக்கிப் போட்டுவிடுவேன். அப்படிப் போட்டவை பதினைந்து வருஷமாக உள்ளே ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. கிராஷ் ஆன குறிப்புகளை எடுத்து வரி வரியாகப் பார்த்தேன். ஒரு தடவை விழுந்ததற்கு ஒரு கோடெக்கின் பெயர் இருந்தது, மறுதடவைக்கு இன்னொன்று. அக்காவின் கணவர் குரலை நான்தான் பிரிப்பேன் என்று இரண்டும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. முதல் நாற்பது வினாடியை ஒன்று ஓட்டுகிறது. கேமரா நின்று மறுபடி ஓடும் இடத்தில் சாஃப்ட்வேர் மறுபடி ஆளைக் கூப்பிடுகிறது. இரண்டும் எழுந்து வருகின்றன. ஒரு உறையில் இரண்டு கத்தி இருக்குமா? நடுவில் அந்த மனிதரின் ஒரு எழுத்து மாட்டிக்கொண்டு சுற்றுகிறது. வீட்டுக்காரர் லேப்டாப்பிலோ அந்தக் குரலைப் பிரிக்கத் தெரிந்த கோடெக்கே இல்லை, அதனால்தான் இரைச்சல். கலைந்துபோன நினைவகத்தின் எச்சம்தான் மணப்பெண் மேலே ஏரியாக வந்திருக்க வேண்டும். காரணம் தெரிந்த பிறகும் அந்த வரவேற்பு வீடியோவை நான் மறுபடி திறக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் நீக்கப் பார்த்தேன். முடியவில்லை. ஒன்றின் இழை இன்னொன்றில் ஓடியது; இதை இழுத்தால் அது அறுந்தது. இரண்டு நாள் அதிலேயே போயிற்று. அமாவாசை அன்று காலை குளித்துவிட்டு வந்து, பழைய டிஸ்க்கைக் கழற்றி வைத்தேன். வெறும் டிஸ்க் ஒன்றைப் போட்டு எல்லாவற்றையும் முதலிலிருந்து ஏற்றினேன். பிறந்த வீட்டில் யாராவது பார்த்திருந்தால் வாயில் அடித்துக்கொண்டிருப்பார்கள். கோடெக் ஒன்றே ஒன்றுதான் போட்டேன், அந்தப் பழைய கேமராவோடு வந்தது. சிடி வந்த மறுநாளே அக்காவிடம் கேட்டு அந்தக் கேமராவின் டப்பாவையும் வாங்கி வைத்திருந்தேன். கோடெக் இருந்த சிடி அதன் அடியில் கிடந்தது.

அது ஏறிக்கொண்டிருக்கும்போதே எதிர்வீட்டுக் கதவு பூட்டுகிற சத்தம் கேட்டது. அக்கா நல்ல புடவை ஒன்று கட்டி, கையில் துணிப்பையோடு தெருவில் இறங்கினார். சாவியை என் வீட்டு ஜன்னல் கம்பிக்குள் நீட்டி விளிம்பில் வைத்தார்.

"இத வெச்சிக்க. போறேன்மா."

"அஞ்சு நிமிஷம் உள்ள வந்து குந்துக்கா. அவரு பேசறத முழுசாக் கேட்டுட்டுப் போ."

வந்து உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக்கொண்டார். திரையில் கோடு மெல்ல நகர்ந்தது. அப்போதுதான் எனக்கு வேறொரு பயம் பிடித்தது. நான் இன்னும் ஓட்டிப் பார்க்கவில்லை. சரியாகி, தெளிவாக, 'வா' என்றே அவர் சொல்லிவிட்டால்? கோளாறு என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஒரு சாக்கு இருந்தது. அதையும் நானே அழித்துக்கொண்டிருக்கிறேனோ? கரண்ட் போகட்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். அன்றைக்குப் பார்த்து அது போகவில்லை. பக்கத்து வீட்டில் அமாவாசை என்று தறி ஏறவில்லை. முதன்முறையாக அறையில் ஒரு சத்தமும் இல்லை.

ஓடவிட்டேன். ஏரி, பனைமரங்கள், இரண்டு ஆடுகள். முப்பத்தொன்பது. நாற்பது. தண்ணீரில் முதுகைக் காட்டி நின்றவர் திரும்பினார். நேராகப் பார்த்தார். வாயைத் திறந்தார்.

"வாணாம்மா! வாணாம். பாசி வழுக்குது, ஆழம் வேற. நீ வராத. அங்கியே இரு."

கேமரா ஆடியது. பின்னாலிருந்து ஒரு பெண் சிரித்தாள். அவர் கையால் போ போ என்று விரட்டிவிட்டு மறுபடி தண்ணீர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். வீடியோ முடிந்தது.

வாணாம். நாள் முழுக்க நாங்கள் எல்லோரும் சொல்கிற சொல். பேரம் பேசும்போது, இரண்டாம் தடவை சோறு போடும்போது, குழந்தை தெருவில் ஓடும்போது. புத்தகத்தில் படித்தவர்கள் மாதிரி அவர் 'வேண்டாம்' என்று சொல்லியிருந்தால் இத்தனை நாள் அவஸ்தை இருந்திருக்காது. முதல் எழுத்தோடு நின்றதால் நாங்கள் இருவரும் அதை 'வா' என்று எடுத்துக்கொண்டோம். நானும்தான். அக்காவிடம் கோளாறு என்று சொன்னாலும், மனசுக்குள் அவர் கூப்பிடுகிறார் என்றே நம்பியிருந்தேன்.

அக்கா இன்னொரு தபா என்று விரலைக் காட்டினார். மூன்று முறை ஓட்டினேன். மூன்றாவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை.

"அதானே பாத்தேன்" என்றார் கடைசியில். "இருந்த வரைக்கும் ஒரு எடத்துக்கு வான்னு கூப்ட்டவரு இல்ல அந்த ஆளு. எதுக்கெடுத்தாலும் வாணாம்தான்."

பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஜன்னலில் வைத்த சாவியை எடுத்து இடுப்பில் செருகினார். அடுப்படிக்குள் போய், அன்று தேய்த்துக் கொடுத்த பருப்புக் கிண்ணத்தைத் தேடி எடுத்து அதில் அரைக்கிண்ணம் பருப்பை அவரே போட்டுக்கொண்டார்.

வாசற்படியில் கால் வைத்தவர் நின்றார்.

"போய்ட்டு வரேன்மா" என்றார்.