எண்ணெய் காயும் வாசம்

யுத்தம் வருவதற்கு முந்திய ஆண்டுகளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. புத்தளம் தில்லையடியில் எங்கள் வீட்டு முற்றத்து வேப்பமரத்தடியில் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு, என் ராத்தாவின், அதாவது அக்காவின், மாப்பிள்ளை அதன் பக்கத்தில் குந்தியிருந்தார். நான் அவரை மச்சான் என்றுதான் கூப்பிடுவேன். எங்கள் வழக்கப்படி கலியாணத்தோடு பெண் வீட்டுக்குக் குடிவந்தவர். ஒன்பது பேர் இருந்த வீட்டில் பத்தாவது ஆள்.

தெற்கே ஒரு தென்னந்தோட்டத்தில் மேற்பார்வை வேலை காலியாக இருந்தது. அந்த வேலைக்கு வருபவருக்குத் தோட்டத்திலேயே தனி வீடு உண்டு. தோட்டத்துரை கேட்டது ஒன்றுதான்: ஆள் தன் சொந்த மோட்டார் சைக்கிளில் வந்து, தோட்டத்து மணல் பாதையில் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். திங்கள் காலை எட்டு மணிக்கு வரச் சொல்லியிருந்தார்.

கொழும்பில் பழையதாக வாங்கிய வண்டி ஒரு மாதம் நன்றாக ஓடியது. சனிக்கிழமை அதற்கு என்னவோ வந்துவிட்டது. அன்று பகல் நான் பின்னால் உட்கார்ந்து போனேன். உப்பளத்தோரம் வந்ததும் மச்சான் கைப்பிடியைத் திருகினார். சத்தம் ஏறியது, வேகம் ஏறவில்லை. வெயிலில் தூரத்து உப்புக் குவியல்கள் அடி அறுந்து, தரைக்கு ஒரு முழம் மேலே மிதந்தன. எங்களுக்குக் கீழே எஞ்சின் பறந்துகொண்டிருந்தது. குவியல்களோ இருந்த இடத்திலேயே இருந்தன. கனவில் ஓடும்போது கால் நிலத்தில் பாவாதே, அப்படி. சைக்கிளில் வந்த ஒருவர் எங்களைக் கடந்து போனார். போகும்போது ஸலாமும் சொன்னார்.

நான் அப்போது புத்தளத்துச் செய்திகளைக் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்கு எழுதிக்கொண்டிருந்தேன். வேப்பமரத்தடியிலும் அந்தப் பழக்கம் விடவில்லை.

"எப்பெயிலிருந்து இப்பிடி?"

"நேத்துக் காலையிலிருந்து."

"மணல்லயா, ரோட்டுலயா?"

"ரெண்டுலயும். மணல்ல இன்னும் கூட."

"எங்கெயாச்சும் உழுந்தீங்களா?"

"நீ பேப்பரா, பொலிஸா?" என்றார்.

கிளச்சு என்பது தட்டுகளின் ஓர் அடுக்கு. ஸ்பிரிங்குகள் நெருக்கும்போது தட்டுகள் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு எஞ்சினின் சுழற்சியைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும். பற்றாவிட்டால் வழுக்கும். கைப்பிடியிலிருந்து வரும் கம்பி இறுகித் தட்டுகளை எந்நேரமும் பிரித்து வைக்கிறதோ என்று முதலில் சந்தேகப்பட்டோம். இடக்கைப் பிடி கொஞ்சம் ஆடும்வரை கம்பியைத் தளர்த்தினோம். பயனில்லை. ஸ்பிரிங் நட்டுகளை அரைச் சுற்று இறுக்கினோம். பிடி கல்லாகியது, வழுக்கல் போகவில்லை.

கடைசியாக முன்சக்கரத்தை மரத்தில் முட்டவைத்து, கியரைப் போட்டு, மச்சான் கிளச்சை மெல்ல விட்டார். அது சரியாகப் பிடித்தால் எஞ்சின் திணறி நின்றுவிட வேண்டும். நிற்கவில்லை. மரத்தை முட்டிக்கொண்டு இரைந்தபடியே இருந்தது. அந்த அதிர்வில் வேப்பம்பூ உதிர்ந்து எங்கள் தலையிலும் தோளிலும் விழுந்தது. அப்படியே ஒரு பின்னேரம் முழுவதும் நின்றதுபோல் எனக்கு ஞாபகம். உண்மையில் அரை நிமிடம் இருக்கும்.

குசினி வாசலில் ராத்தா வந்து நின்றாள்.

"யாரு வெளிய பணியாரம் சுடுற? எண்ணெ காயுற வாசம் வருகுது."

மச்சான் எஞ்சினை நிறுத்திவிட்டுக் குனிந்து மோந்து பார்த்தார். நானும் பார்த்தேன். சந்தேகமில்லை, தேங்காய் எண்ணெய். அந்த வாசத்தில் எனக்கு வெள்ளிக்கிழமை ஞாபகம் வந்தது.

உப்புக்காற்று இரும்பைத் தின்னும் ஊர் இது. வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குக் குளிக்குமுன் வீட்டிலுள்ள இரும்புக்கெல்லாம் கோழி இறகால் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவோம்: பூட்டு, கீல், கிணற்றுக் கப்பி, தையல் மெஷின். அந்த வேலை என்னுடையது. அந்த வெள்ளிக்கிழமை மோட்டார் சைக்கிளையும் சேர்த்துக்கொண்டேன். செயினுக்குப் பின்னால் தெரிந்த ஒரு வட்டத்தின் விளிம்பில் துருப் பொட்டு ஒன்று இருந்தது. அதற்குக் கொஞ்சம் தாராளமாகவே விட்டேன்.

"மச்சான், அது நான்தான்," என்று விஷயத்தைச் சொன்னேன்.

 அவர் குசினிப் பக்கம் திரும்பினார்.

"கேட்டியா புள்ள, ஒன் தம்பி கிளச்சுக்கு எண்ணெ வச்சுத் தல சீவி உட்டிரிக்கான். என்னெ இந்த ஊட்ட உட்டுப் போக உடமாட்டான் போல."

"ஒங்க மேல உள்ள பாசத்துலதான் வச்சிரிப்பான்," என்றாள் ராத்தா.

அதற்குப் பிறகு அவர் சிரிக்கவில்லை. வெயில் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு நட்டுகளைக் கழற்றினார். பாயில் பழைய பத்திரிகைகளை விரித்து, தட்டுகளை வந்த ஒழுங்கிலேயே வைத்து, பக்கத்தில் பென்சிலால் இலக்கமிட்டேன். ஒன்றுவிட்டு ஒரு தட்டில் தடித்த துணிக்கட்டைகள் பதித்திருந்தன. அவைதான் எண்ணெயைக் குடித்திருந்தன. பெற்றோலில் கழுவி வெயிலில் வைத்தால் காய்ந்ததுபோல் இருக்கும். சூடேறியதும் மறுபடி வியர்க்கும். இரண்டு தரம் அப்படி ஆனது. மூன்றாவது தரம் மச்சான் தட்டை மோந்து பார்த்துவிட்டுப் பாயில் வைத்துவிட்டார்.

ராத்தா அடுப்புச் சாம்பலைச் சலித்து ஒரு சட்டியில் கொண்டுவந்தாள்.

"எண்ணெச் சட்டிய நான் இதாலதானே வெளக்குற," என்றாள்.

வெயிலில் சுட்டிருந்த தட்டுகளைச் சாம்பலுக்குள் புதைத்தோம். எடுத்தபோது சாம்பல் கருத்துக் கட்டிகட்டியாக ஒட்டியிருந்தது. புதுச் சாம்பல் போட்டோம். கடலை ஒட்டிய களப்பிலிருந்து வந்த காற்றில் அது மெல்லப் பறந்து மூன்று பேரின் முகத்திலும் படிந்தது.  பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்போது துணிக்கட்டைகள் விரலில் சொரசொரத்தன. தட்டித் துடைத்து, கடைசியாகப் பெற்றோலில் அலசி, இலக்கப்படி பூட்டினோம்.

மறுபடி மரத்தில் முட்டவைத்தோம். மச்சான் கிளச்சை விட்டார். எஞ்சின் ஒருமுறை விக்கி, நின்றது.

திங்கள் விடியற்காலை சுபஹ் தொழுகை முடிந்ததும் அவர் புறப்பட்டார். எங்கள் சிறு தெருவான ஒழுங்கையின் முனையில் மணல் ஆரம்பிக்கும் இடத்தில் எஞ்சினின் சத்தம் தாழ்ந்து கனத்தது. பாரத்தை இழுக்கும் சத்தம். அது கேட்காமல் போனபின்னும் ராத்தா வாசலில் நின்றாள்.

மதியத்து லுஹர் தொழுகைக்குப் பிறகு திரும்பி வந்தார். உடம்பெல்லாம் மணல்.

"என்ன சொன்னாரு?" என்றாள் ராத்தா.

"சொல்ல என்ன இரிக்கி? பின்னுக்கு ஏறிக்கிட்டாரு. ரெண்டு மூடை கொப்பரா ஏத்தின மாதிரி. தோட்டம் முழுக்கச் சுத்தச் சொல்லிக் கையக் காட்டினாரு. ஒரு கதையுமில்ல."

"பொறகு?"

"எறங்கிச் சப்பாத்துல மண்ணத் தட்டினாரு. முதலாந் திகதி சாமானோட வரச் சொன்னாரு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

ராத்தா உள்ளே போனாள்.  பிறகு பெட்டி மூடி திறக்கும் சத்தமும், அலுமாரித் தட்டிலிருந்து துணி எடுக்கும் சத்தமும் வந்தன. எட்டிப் பார்த்தேன். இருவருடைய உடுப்புகளையும் மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலாந் திகதிக்கு இன்னும் பதினொரு நாள் இருந்தது.