எஸ்தர் டீச்சரின் ஆடும் சிப்பிகள்

விளாத்திகுளத்தில் பஸ்ஸுக்கு நின்றபோது எங்கள் பள்ளிக் கணக்கு வாத்தியார் எதிரே வந்தார். "ஒமக்குத் தெரியாதா வே? எஸ்தர் டீச்சர் போயிட்டாவ" என்றார். தூத்துக்குடி வந்து சேரும்வரை ஜன்னலோரம் உட்கார்ந்து அழுதேன். அழுகையோடு நான் நிறுத்தியிருக்கலாம்.

நாசரேத்துக்காரர், எங்கள் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லித்தந்தவர் என்றுதான் உங்களில் பலருக்கு அவரைத் தெரியும். முத்துச்சிப்பி ஓடுகளையும் அலுமினியத் தகடுகளையும் நைலான் நரம்பில் கட்டி, மெல்லிய கம்பிகளில் எடை பார்த்துத் தொங்கவிடுவார். கடற்காற்று பட்டால் ஒன்று சுழலும்; அதன் இழுப்பில் இன்னொன்று திரும்பும். சிறுபத்திரிகைகளில் நவீன கலை பற்றி எழுதிக்கொண்டிருந்த எனக்கு அது பிடிபடவில்லை.

"நவீன சிற்பம்னா வடிவம்லா டீச்சர்? இது தொட்டிலுக்கு மேல கட்டுத கிலுகிலுப்பை மாதிரில்லா இருக்கு" என்றேன் ஒருநாள்.

அவர் சிரித்தார். "சிலையச் சுத்தி நீங்க நடக்கணும். இது தானே நடக்கு. தகடு, சிப்பி மாதிரி நேரத்தையும் ஒரு சாமானா எடுத்துக் கட்டிருக்கேன். நீங்க ஒரு பார்வை பாத்துட்டு ஓடுதீய, சார். பாதிதான் பாத்திருக்கீய."

ஒருமுறை மெட்ராஸ் கண்காட்சி ஒன்றுக்கு அவர் படைப்பு போனது. பார்க்கப் போன டீச்சர் அதைப் பெட்டியில் கட்டிக் கையோடு கொண்டுவந்துவிட்டார். "கண்ணாடிக் கூண்டுக்குள்ள வச்சிட்டாவ, சார். தூசி படக்கூடாதாம். காத்து?" என்று கேட்டார். அன்று நான் மெட்ராஸ்காரர்களை வாய்விட்டு ஏசினேன். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டதாகவே நினைத்துக்கொண்டேன்.

இரங்கல் கூட்டம் பள்ளி மண்டபத்தில் நடந்தது. ஏற்பாடு முழுக்க என்னுடையது. அவருடைய கடைசிப் படைப்பை வாசலோரம் தொங்கவிட்டேன். போட்டோவுக்கு மாலை போட்டு முடித்தபின் ஒரு சம்பங்கி மாலை கையில் மிஞ்சியது. படைப்புக்கும் மரியாதை செய்ய வேண்டாமா? நாற்காலி மேல் ஏறி மேல்கம்பியில் சாத்தினேன். ஆளாளுக்கு மாலை நீட்டினார்கள். அத்தனையையும் வாங்கிச் சாத்தினேன். பிறகு எல்லோரும் எழுந்து நின்று மௌன அஞ்சலி செலுத்தினோம். வெளியே வேப்பமரத்தைக் காற்று உலுக்கிக்கொண்டிருந்தது. எங்கள் முன்னால் அந்தச் சிப்பிகள் ஒருபக்கமாகச் சாய்ந்து அசையாமல் தொங்கின.

அடுத்து நான் பேச வேண்டும். அசைவே அவருடைய கலையின் உயிர் என்று எழுதி வைத்திருந்தேன். வாய் திறப்பதற்குள் அவருடைய தங்கை ரூத் எழுந்து வந்தார்.

"அண்ணாச்சி, பூவை எடுங்க. அக்கா மூச்சு நின்னது போதும். இதையும் நிறுத்தணுமா?"

மண்டபமே என்னைப் பார்த்தது. காது மடல் சுட்டது. சீ, எவ்வளவு பெரிய மடையன் நான்! மறுபடி நாற்காலியில் ஏறினேன். மாலை நார் கம்பியில் சிக்கிக்கொண்டது. ஒவ்வொரு மாலையாக எடுத்து ரூத்தின் கையில் கொடுத்தேன். கடைசி மாலையும் வந்த பிறகு கம்பி மெல்ல நிமிர்ந்தது. ஒரு சிப்பி திரும்பியது. பிறகு எல்லாம் திரும்பின.

நான் பேசவில்லை. இறங்கி நின்று பார்த்தேன். கூட்டம் கலைந்த பிறகும் பார்த்தேன். டீச்சர் உயிரோடு இருந்தபோது ஒருநாள்கூட அவ்வளவு நேரம் நான் அதன் முன்னால் நின்றதில்லை. அவரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இந்த வெட்கம்தான். இது ஆறிப்போக வேண்டாம்.