புகைக்கு வரி போடும் தேசத்தில் என் மகள் வாங்கிய கார்

இரண்டாயிரத்து எட்டாம் வருஷம், மழை விட்ட சமயம். திருவனந்தபுரத்தில் கரமனைப் பக்கம் இருக்கிற என் யார்டில் உட்கார்ந்துகொண்டே, கண்ணால் காணாத அயர்லாந்து தேசத்தில் ஒரு காரைப் பொறுக்கிக் கொடுத்தவன் நான். இந்த ஊரில் பழைய வண்டி வாங்கி விற்கிற வேறு எவனும் அப்படிச் செய்திருக்க மாட்டான். இதை எழுத எனக்குக் கூச்சமே இல்லை.

மார்த்தாண்டம் பக்கத்திலிருந்து நாலாம் கிளாஸோடு வந்தவன். சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தையில் லாரி கழுவினேன். டிரைவர்மாரிடம் கேட்டுக் கேட்டே வண்டி படித்தேன். இன்றைக்கு டாக்டரும் வக்கீலும் பழைய கார் வாங்கும் முன்பு என் முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறார்கள். சைலன்சர் புகையை மோந்தே இஞ்சின் ஆயுசைச் சொல்லிவிடுவேன்.

என் மகள் நர்ஸ். அயர்லாந்தில் ஒரு கிராமத்து முதியோர் இல்லத்தில் வேலை. காலை டியூட்டிக்கு அங்கே பஸ் கிடையாது. கூட வேலை பார்த்த ஒரு பெண்தான் தினமும் தன் காரில் ஏற்றிக்கொண்டு போனாள். அவள் வேறு ஊருக்கு மாறிப் போகப் போகிறாள் என்று தெரிந்ததும் இவளுக்குக் கை கால் ஓடவில்லை. டியூட்டிக்குப் போக முடியாவிட்டால் வேலை போகும், வேலை போனால் விசாவும் போகும். மருமகனுக்கு அங்கே இன்னும் ஒன்றும் அமையாத நேரம் அது.

எல்லைக்கு வடக்கே, பிரிட்டன்காரன் வசம் இருக்கிற பகுதியில், பழைய கார் சல்லிசாகக் கிடைக்கும். அதை இப்புறம் கொண்டுவந்து வரி கட்டிப் பதிவு செய்துகொள்ளலாம். மருமகன் போனில் இப்படிச் சொன்னதும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. நாகர்கோவில் வண்டியைக் களியக்காவிளை எல்லை தாண்டிக் கொண்டுவந்து கேரளா நம்பர் போடுவது என் அன்றாட ஜோலி அல்லவா. வண்டிக்கு வயசு கூடக்கூட வரி குறையும், இது எனக்குத் தெரிந்த கணக்கு. அதனால் உத்தரவாகவே சொன்னேன்: கிழட்டு வண்டியாகப் பார், ஆனால் நல்ல இரும்பாகப் பார். அவர்களும் பெரிய பழைய வெள்ளைக் கார் ஒன்றைப் பேசி வைத்தார்கள்.

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முந்தின நாள் மருமகன் மறுபடியும் கூப்பிட்டார்.

"மாமா, இங்கே சட்டம் மாறிட்டு. இந்த வருஷம் முதல் கார்பனைப் பார்த்துத்தான் வரி. கிலோமீட்டருக்கு இத்தனை கிராம்னு வண்டி பேப்பரிலேயே இருக்கும். நாம பேசின வண்டி பழசு, அதுக்கு அந்த நம்பரே இல்லை. நம்பர் இல்லேன்னா ஆக உசந்த வரி."

அந்த வரியைக் கட்டினால் அவர்கள் கையில் ஒன்றும் மிஞ்சாது. கட்டாவிட்டால் வண்டியை ஓட்ட முடியாது. நான் சொன்ன கணக்கு அங்கே தலைகீழ்.

"சவத்தைத் தள்ளு. புகையில்லாத வண்டியா ஒண்ணு பாரு, தீர்ந்துதே" என்றேன்.

"இது கண்ணுக்குத் தெரியற புகை இல்லை மாமா. நிறமும் கிடையாது, மணமும் கிடையாது."

மூக்கை நம்பிப் பிழைத்தவனிடம் சொல்கிற பேச்சா அது? போனை வைத்துவிட்டு யார்டில் அங்குமிங்கும் நடந்தேன். வரிசையாக நின்ற என் வண்டிகளைப் பார்த்தேன். இதில் எது அந்தக் கார்பனை அதிகமாக விடும்? பெட்ரோலோ டீசலோ, எண்ணெயை எது அதிகமாகக் குடிக்கிறதோ அதுதானே விடும். உள்ளே போனதுதானே வெளியே வரும். உடனே மருமகனைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: பெட்ரோல் வண்டிகளையே எடுத்துக்கொள், அதிகம் குடிக்கிற வண்டிக்கு இந்த நம்பரும் அதிகமாக இருக்குமா? அவர் கம்ப்யூட்டரில் தட்டிப் பார்த்துவிட்டு ஆமாம் என்றார்.

"அப்போ இது மைலேஜ்தானே மருமகனே! மைலேஜுக்கு வேற சட்டை போட்டு விட்டிருக்கான், அவ்வளவுதான்."

மைலேஜ் என்றால் பிறகு நான்தான் ராஜா. ஆயுசு முழுக்க நான் விற்றது அதைத்தானே. வெள்ளைக் காரை விடச் சொன்னேன். சின்ன ஜப்பான் கார், கையால் போடுகிற கியர், மெலிந்த டயர், பேப்பரில் கார்பன் நம்பர் எழுதியது. இப்படி அடையாளம் சொல்லி அனுப்பினேன்.

அடுத்த சனிக்கிழமை, இங்கே மத்தியானம், அங்கே காலை. வடக்கே வண்டிக் கடையிலிருந்து மகள் கூப்பிட்டாள். ஒரே மாதிரி, ஒரே வருஷத்து வண்டி இரண்டு நிற்கின்றன. ஒன்று கியர், மற்றது ஆட்டோமேட்டிக். ஆட்டோமேட்டிக்குக்கு நம்பர் கூடுதல், அதனால் வரியும் ஒரு படி மேலே, இவர்கள் கைக்கு எட்டாது. ஆனால் இவளுக்கு ஆசையெல்லாம் அதன் மேல்தான். அங்கே லைசென்ஸ் எடுத்தது கியர் வண்டியில், இருந்தும் பயம்.

"அப்பா, இல்லத்துக்கு முன்னால ஒரு ஏத்தம் உண்டு. பாதியிலே நிறுத்தி எடுக்கணும். வண்டி பின்னால உருண்டா பின்னால வாறவன் மேலே போய் இடிப்பேன்."

"பொன்முடி மலை வளைவிலே எதிரே பஸ் மாட்டிக்கிட்டு நின்னப்போ, என் ஜீப்பை ஆளும் சாமானுமா நிறுத்தி எடுத்தது யாரு மோளே? ஒரு விரக்கடை பின்னால போச்சா?"

"போகலை. நீங்க கண்ணைப் பூட்டிக்கிட்டு ஜெபம் பண்ணிட்டு இருந்தீங்க. போகலைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பின்னணியில் மருமகன் சிரிப்பது கேட்டது. அவளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே பயம் பாதி இறங்கியிருக்க வேண்டும். கியர் வண்டி பக்கம் போய் நின்றாள்.

பானெட்டில் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். ஆள் வரும் முன்பே இஞ்சினைச் சூடாக்கி வைத்துக் கோளாறை மறைக்கிற வித்தை எல்லா தேசத்திலும் இருக்கும் அல்லவா. கை ஜில்லென்று இருக்கிறது என்றாள். ஸ்டார்ட் செய்து போனை இஞ்சின் பக்கம் பிடிக்கச் சொன்னேன். யார்டில் எல்லாரையும் வாயை மூட வைத்துவிட்டுக் கேட்டேன். ஒரே அடியில் பிடித்தது. தட்டல் இல்லை, விக்கல் இல்லை, தையல் மிஷின் மாதிரி ஓடியது.

"எடு" என்றேன்.

பதிவு செய்கிற இடத்தில் கார்பன் நம்பரைப் பார்த்துக் கீழ்ப்படி வரிதான் போட்டார்கள். கட்டியது போகக் கையில் கொஞ்சம் மிச்சமும் இருந்தது. கூட்டிப்போகிற பெண் கிளம்பின மறுநாளே, என் மகள் தன் காரில் தனியாக டியூட்டிக்குப் போனாள். போய் இறங்கியதும் எனக்குத்தான் முதல் போன். ஏற்றத்தில் பாதியில் நிறுத்தினாளாம், எடுத்தாளாம், வண்டி பின்னால் அசையவே இல்லையாம். "இந்தத் தடவை நான் கண்ணைத் திறந்து வச்சிருந்தேன், கேட்டீங்களா" என்றாள். அன்றைக்கு யார்டில் இருந்த எல்லாருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். வண்டி பார்க்க வந்தவர்களுக்கும் சேர்த்து.

எனக்குத் தெரிந்த கணக்கு செல்லாத இடமும் இந்த உலகத்தில் உண்டு என்று அந்த வாரம் புரிந்தது. அதற்காக மிரள வேண்டியதில்லை என்பதும் அப்போதுதான் புரிந்தது. இன்றைக்கும் புரியாத ஒரு சட்டத்தை யாராவது என் முன்னால் நீட்டினால், என் தொழிலில் இதற்கு என்ன பெயர் என்றுதான் முதலில் தேடுகிறேன். பெயர் அகப்பட்டதும், நாலாம் கிளாஸ்காரனான நான் அந்தச் சட்டம் எழுதினவனோடு சரிசமமாக உட்கார்ந்து பேசத் தயாராகிவிடுகிறேன்.