சேகர் பாடிய ‘ஜாவோ’

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ குடிக்கப் போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் எனக்குக் கோபம் வராது. ஆனால் நடந்தது நடந்ததுதான், அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற மாட்டேன்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு ஆலையில் நான் ஃபிட்டர், சேகர் வெல்டர். ஊரே தமிழ் ஹீரோக்களுக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருக்க, நாங்கள் இருவர் மட்டும் பழைய இந்திப் படப் பைத்தியங்கள். இந்தியில் ஓர் எழுத்து தெரியாது, தெரிந்து என்ன ஆகப்போகிறது? அந்தக் கறுப்பு வெள்ளை நாயகி பாதி முகத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு ஒரு பார்வை பார்த்தால் வசனம் எதற்கு? ஹீரோ அழுதால் அவன் முடிகூடக் கலையாது, ஆனால் நாம் மூக்கைச் சிந்திக்கொண்டிருப்போம். இப்போது இருக்கிற எந்தக் கொம்பனுக்கும் அது வராது, எழுதியே தருகிறேன்.

சாப்பாட்டு நேரத்தில், மூடிக்கிடந்த பக்கத்துக் கம்பெனியின் மதில் நிழலில் உட்கார்ந்து செல்போனில் பாட்டுப் பார்ப்போம், கூடவே பாடுவோம். ஒரு டூயட்டில் நாயகி ஜன்னலில் நின்று ‘ஆவோ’ என்று கூப்பிடுவாள். நாயகி பாட்டு சேகருக்கு, ஹீரோ பாட்டு எனக்கு. அந்த இடத்தில் சேகர் எப்போதும் ‘ஜாவோ’ என்றுதான் பாடுவான். எங்களோடு வேலை செய்யும் பீகார்க்காரன் ராகேஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான்.

“அண்ணா, ஆவோன்னா வா. ஜாவோன்னா போ. வர்ற ஆள தொரத்திகினு கீறியே!”

“டேய், எங்க ஊர்ல போன்னா போய்ட்டு வான்னு அர்த்தம். உனுக்கு இன்னா தெரியும்?” என்பான் சேகர். கடைசி வரை மாற்றிக்கொள்ளவே இல்லை.

போன வருடம் மஞ்சள் காமாலையில் அவன் போய்ச் சேர்ந்தான். எனக்குத் துக்கம் தாங்கவில்லை. பாட்டுக் கேட்பதையே விட்டுவிட்டேன், சாப்பாடு மட்டும் அதே மதில் நிழலில்தான்.

மழை விட்ட மறுநாள், பட்டப்பகல், சுள்ளென்று வெயில். தனியாக உட்கார்ந்து எலுமிச்சை சாதத்தை வாய் நிறைய அடைத்துக்கொண்டிருக்கிறேன், எதிரே நின்ற லாரிப் பக்கமிருந்து அந்தப் பாட்டு வருகிறது. இசை இல்லை, வெறும் குரல். சரியாக அந்த இடத்தில் ‘ஜாவோ’ என்றது. நம்பினால் நம்புங்கள், எனக்கு வந்தது பயமில்லை, ஆத்திரம். செத்தவனை எவன் கிண்டல் பண்ணுகிறான் என்று டிபன் பாக்ஸை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போனேன். லாரிவரைகூடப் போகவில்லை, ஊறிப்போயிருந்த மதில் எனக்குப் பின்னால் மொத்தமாகச் சரிந்தது. நான் உட்கார்ந்திருந்த இடத்தில் செங்கல் குவியல். லாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் ஒரு ஈ காக்கை இல்லை.

ராகேஷ் ஓடி வந்து என்னைத் தடவித் தடவிப் பார்த்தான். “நீ காலின்னு நெனச்சேன் அண்ணா!”

வாயில் இருந்ததை விழுங்கிவிட்டு, “பாட்டு ஒண்ணு கேட்டுச்சே, உனுக்கும் கேட்டுச்சா?” என்றேன்.

“சேகர் அண்ணா கொரலு. நல்லா கேட்டுச்சு” என்றவன், என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தான். “இன்னா அண்ணா இப்டி கேக்குற? நீயும்தானே கூட பாடிகினு இருந்த?”

மதில் விழுந்ததற்கு மழை காரணம், யார் கேட்டாலும் அடித்துச் சொல்வேன். வாய் நிறையச் சோற்றோடு உட்கார்ந்திருந்த என் குரல் சேகரோடு எங்கே போய்ப் பாடிக்கொண்டிருந்தது என்று யாராவது கேட்டால் மட்டும் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன்.