வலது சக்கரத்தில் உளுந்து நார்

காருக்குள் ஒரு முனகல் வந்து சேர்ந்து பல வாரம் ஆகியிருந்தது. அறுபதைத் தாண்டினால் ஆரம்பிக்கும், எண்பதில் ஊளையிடும். திண்டிவனத்தில் எங்கள் வீட்டிலிருந்து செவ்வாயும் வெள்ளியும் அம்மாவை விழுப்புரத்துக்கு டயாலிசிஸுக்கு அழைத்துப்போகிற கார் அது. போகும்போது அம்மா முன் சீட்டில். திரும்பும்போது பின் சீட்டில் காலை மடக்கிப் படுத்துக்கொள்வாள். ஆஸ்பத்திரி வராண்டாவில் லேப்டாப்பை மடியில் வைத்து ஆபீஸ் வேலை பார்த்ததில் எனக்கு முதுகு விட்டுப்போயிருக்கும். இருவருக்கும் பேசத் தெம்பு இருக்காது. அந்த முனகல்தான் பேசிக்கொண்டு வரும்.

ஒரு செவ்வாய்க்கிழமை, கூட்டேரிப்பட்டு தாண்டும்போது பின்னாலிருந்து அம்மா சொன்னாள்.

"இந்த வண்டி எங்கனா வழியில நின்னுடும் போலக்கீது. வெள்ளிக்கெழம வேணாம், வுட்டுடு."

"பஸ்ல போலாம்."

"பஸ்ல என்னால ஆவாது."

"வாடகைக் கார் சொல்றேன்."

"எவனோ ஒருத்தன் வண்டில வாந்தி எடுத்துக்கினு வரணுமா? உன் வண்டி நல்லாவட்டும், அப்புறம் பாக்கலாம்."

அவள் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறாள் என்று நம்ப எனக்கும் ஆசைதான். ஆனால் போன மாதம் தலைவலி என்றாள், அதற்கு முன்னால் சித்தி வீட்டுக் காதுகுத்து என்றாள். ஒரு தடவை விட்டாலே கால் வீங்கி, படுக்க முடியாமல் மூச்சு வாங்கும். அது தெரிந்தேதான் சாக்குத் தேடுகிறாள். வெள்ளிக்கிழமை காலைக்குள் இந்தச் சாக்கைக் கழற்றி எறிய வேண்டும்.

புதன்கிழமை மெக்கானிக் அண்ணனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். ஓடும்போதே நியூட்ரலில் போட்டுப் பார்த்தேன், சத்தம் குறையவில்லை, அதனால் இன்ஜின் இல்லை. சர்வீஸ் ரோட்டில் ஸ்டியரிங்கை இடப்பக்கம் லேசாக வளைத்தால் கூடுகிறது, வலப்பக்கம் வளைத்தால் அடங்குகிறது. இடப்பக்கம் வளைக்கும்போது பாரம் வலது சக்கரத்தில் விழும். ஆகவே முன்பக்க வலது பேரிங்.

"டயர் சத்தம்மா இது," என்றார். "யூடியூப்ல இவ்ளோ பாத்தவ, மாத்தறதையும் அதுலயே பாத்து மாத்திக்கறதுதானே?"

"பேரிங்க அழுத்தித் தள்ற பிரஸ் வீட்ல இல்லண்ணா."

"இருந்தா மாத்திருப்ப."

"மாத்திருப்பேன்."

அவர் திருப்திக்காக முன் டயர்களைப் பின்னால் மாற்றி ஓட்டிப் பார்த்தோம். அதே ஊளை. பிறகு ஜாக்கி போட்டுத் தூக்கினார். சக்கரத்துக்கு மேலே இருக்கிற சுருள் ஸ்பிரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறு கையால் சக்கரத்தைச் சுற்றினேன். ஸ்பிரிங் வழியாக உள்ளங்கைக்கு நறநறவென்று மணல் அரைகிற உணர்வு வந்தது. இடப்பக்கம் அப்படி எதுவும் இல்லை. அவரும் கை வைத்துப் பார்த்தார்.

"சரி, பேரிங்தான். சந்தோசமா?"

சந்தோஷப்பட நேரமில்லை. ஆக்சில் நட் துரு ஏறி அசைய மறுத்தது. நான் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, அவர் ஸ்பேனரில் நீளக் குழாயைச் செருகித் தொங்கினார். ஒருவழியாகக் கழற்றி எடுத்தபோது, பேரிங்கின் உள்பக்கத்து ரப்பர் சீலைச் சுற்றிக் கறுப்பாக ஏதோ முறுக்கிக்கொண்டு கிடந்தது. ஸ்குரூடிரைவரால் நெம்பி இழுத்தார். நாராக வந்தது.

"இன்னாம்மா, வண்டி ஓட்னியா, மாடு மேச்சியா?"

உளுந்துச் செடி. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அம்மாவின் அண்ணன், என் மாமா, கெடார் கிராமத்தில் பயிர் வைக்கிறார். அறுப்பு சமயத்தில் ஒருநாள் ஆஸ்பத்திரி முடிந்து அங்கே போனோம். காய்ந்த உளுந்துச் செடியை ரோட்டில் முழங்கால் உயரத்துக்குப் பரப்பியிருந்தார்கள். போகிற வருகிற வண்டி ஏறினால் நெத்து உடைந்து உளுந்து உதிரும். ஆனால் அன்றைக்கு வண்டியே வரவில்லை. "நம்ம வண்டிய ஓட்டேன்டி," என்றாள் அம்மா. அன்றைக்கு மட்டும் படுக்காமல் முன் சீட்டில் உட்கார்ந்து, "மெல்ல, மெல்ல, ரிவர்ஸ்ல வா," என்று வெயில் தாழும் வரை என்னைப் போட்டு ஆட்டிவைத்தாள். அந்தச் செடிதான் சுற்றிக்கொண்டு ரப்பர் சீலை அறுத்திருக்கிறது. அப்புறம் பெய்த மழை உள்ளே புகுந்து மிச்ச வேலையை முடித்துவிட்டது.

திண்டிவனத்தில் எங்கள் காருக்கான பேரிங் கிடைக்கவில்லை. வியாழக்கிழமை லீவு போட்டு பஸ்ஸில் விழுப்புரம் போனேன். போக வர நின்றுகொண்டேதான். அம்மா சொன்னது சரி, இந்த பஸ்ஸில் அவளால் ஆகாது. மத்தியானம் ஊர் திரும்பி, மெக்கானிக் அண்ணனோடு லேத்து பட்டறையில் பழைய பேரிங்கை பிரஸ்ஸில் தள்ளினோம். உள்வளையம் மட்டும் சக்கரம் மாட்டுகிற ஹப்பை விடாமல் கவ்விக்கொண்டிருந்தது. அதை கிரைண்டரால் அறுத்து, உளியால் ஒரு தட்டுத் தட்டி உடைத்தோம். புதியதை வெளி விளிம்பில் மட்டும் அழுத்தம் விழுகிற மாதிரி வைத்து உள்ளே இறக்கினார்கள். மாட்டி முடித்து நெடுஞ்சாலையில் எண்பதில் விட்டேன். காற்றுச் சத்தம் மட்டும்தான். கத்திக் கொண்டாடியிருப்பேன், தோள் தூக்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை அம்மா நைட்டியோடு கட்டிலிலேயே இருந்தாள்.

"கெளம்பும்மா."

"சத்தம்?"

"போச்சு."

"நாளைக்கு எடது பக்கம் கெட்டா?"

"கெட்டா அதையும் மாத்தலாம்."

"எத்தினிதான் மாத்துவ நீயும்."

கட்டிலோரம் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவளே கேட்டாள்.

"எதுனால கெட்டுச்சாம்?"

கேட்பாள் என்று தெரியும். எதற்கும் காரணம் கேட்காமல் விடமாட்டாள். பேப்பரில் மடித்து வைத்திருந்த நாரை எடுத்துக் கொடுத்தேன். விரலில் தேய்த்து, கிரீஸை என் துப்பட்டாவில் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

"நம்ம உளுந்தா?"

"ஆமா. ரிவர்ஸ்ல வா, ரிவர்ஸ்ல வான்னது யாரு?"

"உங்க மாமங்கிட்ட சொல்லிக்கில்லி வைக்காத. கேலி பண்ணியே சாவடிச்சுடும்." நாரைத் திரும்பப் பேப்பரில் மடித்தாள். "அடுத்த அறுப்புக்கு டிராக்டர் சொல்லிடணும். உன் வண்டி தாங்காது."

கட்டிலிலிருந்து காலைக் கீழே விட்டாள். அப்புறம், "அந்தப் புடவைய எடு," என்றாள்.

விக்கிரவாண்டி டோல்கேட் வருவதற்குள் முன் சீட்டிலேயே தூங்கிவிட்டாள். வழக்கமாகத் திரும்பும்போதுதான் தூங்குவாள். சத்தமில்லாத வண்டியில் எனக்கும் கண்ணைச் சொருகியது. கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டினேன்.